அலைக்கோடு ஒன்று, மை இரண்டு: ஒரு குயர் லத்தீனெக்ஸ் சிற்றிதழுக்கு முகம் அமைத்தல்

முதலில் வேலையின் அளவு. அமெரிக்காவில் ஆண்டுக்கு இரண்டு முறை வரும் இலக்கியச் சிற்றிதழ். 96 பக்கம், 300 பிரதி, 140 × 216 மி.மீ. அங்கே புழங்கும் லெட்டர் தாளைப் பாதியாக மடித்தால் கிடைக்கிற அளவு இது. எழுதுபவர்கள் லத்தீன் அமெரிக்க வேர் கொண்ட பால்புதுமையினர், தலைப்பில் உள்ள ‘குயர் லத்தீனெக்ஸ்’ குறிப்பது இவர்களைத்தான். ஒரே வாக்கியத்துக்குள் ஆங்கிலமும் ஸ்பானிஷும் கலந்து வரும். நடுவே போர்த்துகீசு வரும், எப்போதாவது பராகுவேயின் பழங்குடி மொழியான குவாரனியும் வரும். ஆசிரியர் குழுவில் சம்பளக்காரர் எவரும் இல்லை. சின்னம், எழுத்துரு, நிறம், அட்டை, உள்பக்க வார்ப்புரு, இணையதளம், தபால் உறை என எல்லாம் வேண்டும். வடிவமைத்தவர் விலகிய பிறகு வடிவமைப்பு படிக்காத இரண்டு பேர் இதை ஓட்ட வேண்டும். கீழே வரும் முடிவுகளில் பாதி இந்தக் கடைசி நிபந்தனையால் வந்தவை.

எதை விடுவது

வானவில்லை விட்டாயிற்று. அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் ஜூன் மாதம் வந்தால் வங்கி, செல்போன் கடை, பல்பொடி விளம்பரம் வரை எல்லோர் கையிலும் அது இருக்கிறது. தவிர, ஆறு பட்டைகளுக்கு முழு வண்ண அச்சு தேவை. 300 பிரதிக்கு அது கட்டாது.

இரண்டாவதாக, படம் பார்த்து ஆடும் லோத்தேரியா விளையாட்டின் சீட்டு, சர்க்கரை மண்டையோடு, வெட்டுத்தாள் தோரணம் போனது. மூன்றுமே மெக்சிகோ. லத்தீனெக்ஸ் என்ற சொல்லுக்குள் புவேர்த்தோ ரிக்கோ, டொமினிக்கன் குடியரசு, கியூபா, எல் சால்வடோர், பிரேசில் எல்லாம் இருக்கின்றன. பிரேசில்காரர் எழுதிய கவிதைக்கு மெக்சிகோ மண்டையோடு காவல் நிற்பதில் அர்த்தமில்லை. லோத்தேரியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லோருக்கும் பழகிய அந்த 54 படங்கள் நாட்டார் கலை போலத் தோன்றும். உண்மையில் 1887இல் டோன் கிளெமென்தே ஜாக் வெளியிட்ட வணிகப் பதிப்பு வழியாகப் பரவியவை அவை, இன்றும் வணிகச் சரக்கு. அப்படியே எடுத்து அட்டையில் போடக் கூடாது.

மூன்றாவது, எக்ஸ் எழுத்து. பெரிய எக்ஸ் ஒன்றைச் சின்னமாக்கலாம் என்று யாருக்கும் முதல் நாளே தோன்றும். தமிழில் ‘அவன், அவள்’ இரண்டையும் தவிர்க்க ‘அவர்’ இருக்கிறது. ஸ்பானிஷில் பெயர்ச்சொல்லே ஓ (o), ஏ (a) என்று ஆண் பெண்ணாக முடிகிறது, ‘ர்’ விகுதி போன்ற தப்பிக்கும் வழி இல்லை. அதற்காக, லத்தீனோ, லத்தீனா இரண்டுக்கும் பொதுவாக வந்ததுதான் லத்தீனெக்ஸின் எக்ஸ் (x). ஆனால் உச்சரிக்க வரவில்லை என்று சொல்லி லத்தீனே என்று எழுதுபவர்கள் இப்போது நிறைய. பியூ ஆய்வு மையம் 2020இல் வெளியிட்ட கணக்குப்படி, அமெரிக்காவின் ஹிஸ்பானிக் பெரியவர்களில் 3% பேர்தான் லத்தீனெக்ஸ் என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். பத்து ஆண்டில் மாறக்கூடிய எழுத்தைச் சின்னத்துக்குள் கொத்தினால் பிறகு பெயர்க்க முடியாது. ஆகவே விதி: அடையாளச் சொல் சின்னத்தில் வராது, துணைவரியில் மட்டும் வரும். அந்த வரி சாதாரண எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. ஆசிரியர் குழு எந்த இதழிலும் மாற்றிக்கொள்ளலாம்.

கோடு இழுக்கும் முன் பழைய இதழ்களைப் பார்ப்பது அவசியம். லாஸ் ஏஞ்சல்ஸில் ஜோயி டெரில் 1978–79இல் இரண்டே இதழ் வெளியிட்ட ‘ஹோம்பாய் பியூட்டிஃபுல்’, வீட்டலங்காரப் பத்திரிகையின் தோரணையை எடுத்துக் கேலி செய்தது. மயாமியில் 1991 முதல் 1994 வரை லத்தீனா லெஸ்பியன்கள் நடத்திய ‘எஸ்தோ நோ தியேனே நோம்ப்ரே’ என்ற தலைப்புக்கு ‘இதற்குப் பெயரில்லை’ என்று பொருள். கையில் இருந்த கருவியின் வரம்பு இதழின் முகமாக எப்படி மாறுகிறது என்பது இப்படிப்பட்ட இதழ்களில்தான் தெரியும். லாஸ் ஏஞ்சல்ஸில் இருப்பவர்கள் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ‘ஒன்’ ஆவணக் காப்பகத்தில் தொடங்கலாம்.

அலைக்கோடு

சின்னமாகத் தேர்ந்தது எழுத்தின் தலையில் உட்காரும் ~ குறி. ஸ்பானிஷில் ‘ஞ’ ஒலிக்கு ‘என்’ (n) எழுத்தின் மேல் வரும். போர்த்துகீசில் ஏ (a), ஓ (o) மேல் வந்து மூக்கொலி ஆகும். குவாரனியில் உயிரெழுத்துகள் மேலும் ஜி (g) மேலும்கூட வரும். தலைகீழ்க் கேள்விக்குறியான ¿ முதலில் பரிசீலனையில் இருந்தது, கண்ணுக்கு அதுதான் கவர்ச்சி. ஆனால் போர்த்துகீசில் அது இல்லை. மூன்று மொழிக்கும் பொதுவாக நின்றது அலைக்கோடுதான். அது உதிர்ந்தால் என்ன ஆகும் என்பது ஸ்பானிஷ் படிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த நகைச்சுவை: ‘ஆன்யோ’ என்றால் ஆண்டு, கோடு போனால் ‘ஆனோ’, ஆசனவாய். குயர் இதழுக்கு அந்தக் குறும்பும் பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை. சி.என்.என். ஸ்பானிஷ் சேவை தன் சின்னத்தில் இரண்டு ‘என்’களின் மேல் இதே கோட்டைப் போட்டிருக்கிறது. எனவே ‘என்’ மேல் உட்கார வைக்காமல் தனியாக, பெரிதாக, எழுத்தே இல்லாத இடத்தின் மேல் மிதக்க விட வேண்டும்.

வரையும் முறை: எழுத்துருவில் இருக்கும் குறியை எடுத்து நாற்பது மடங்கு பெரிதாக்கினால் சரிவராது. சிறு அளவில் தெளிவாக நிற்பதற்காகத் தடிமன் கூட்டிய உரு அது, பெரிதானால் புழு மாதிரி தெரியும். 30 பாகைக் கோணத்தில் பிடித்த பட்டை நிப்பால் பத்துப் பதினைந்து முறை எழுதி, நல்லதை ஸ்கேனரில் வருடி, மேலே திசையன் கோடு போட வேண்டும். அகலம் உயரத்துக்கு 5:2. ஏறும் இரண்டு முனைகளும் மெல்லிசு, நடுவே இறங்கும் பகுதி தடி. இந்தத் தடிமன் ஒழுங்கு போனால் வெறும் அலை, எழுத்துக்குறி இல்லை. 16 பிக்சல் அளவில் முனைகள் காணாமல் போகும். அதற்கு முனை தடித்த இரண்டாம் உரு தனியாக வேண்டும்.

அலைக்கோட்டை 180 பாகை சுழற்றினால் அதே உருவம் வரும். கண்ணாடியில் காட்டினால் தலைகீழ் அலை, அது பிழை. ரப்பர் முத்திரை செய்யக் கொடுக்கும்போது இங்கேதான் தவறு நடக்கிறது. முத்திரைக்காரர் தானாகவே புரட்டிக்கொள்வார். நாமும் புரட்டிக் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து அச்சில் தவறாக விழும். எழுத்தாக இருந்தால் யாராவது கவனிப்பார்கள், அலையை யாரும் கவனிப்பதில்லை. கோப்பின் மூலையில் ஓர் எழுத்து வைத்து அனுப்பி, செதுக்கும் முன் வெட்டச் சொன்னால் பிழைக்கலாம்.

சுழற்றினாலும் மாறாத இந்தக் குணத்தால் இன்னொரு யோசனை வந்தது. ஒரு பக்கம் ஆங்கில அட்டை, இதழைத் தலைகீழாகத் திருப்பினால் ஸ்பானிஷ் அட்டை. முதுகு எழுத்துகூட அழகாகப் பொருந்துகிறது. ஆங்கில வழக்கில் முதுகில் மேலிருந்து கீழாகப் படிப்பார்கள், ஸ்பானிஷ் மரபில் கீழிருந்து மேலாக. ஒரே எழுத்தைத் திருப்பினால் இரண்டும் கிடைக்கும். இவ்வளவு இருந்தும் கைவிட்டதுதான் சரி. கலப்பு மொழியில் எழுதிய கவிதையை எந்தப் பக்கம் வைப்பது? எழுதுபவர்கள் பிரிக்காத மொழிகளைப் புத்தகம் கட்டுபவர் பிரிக்கக் கூடாது.

இரண்டு மை

கில்பர்ட் பேக்கர் 1978இல் சான் பிரான்சிஸ்கோவில் பறக்கவிட்ட முதல் வானவில் கொடியில் எட்டுப் பட்டைகள். உச்சியில் இருந்தது சுடர் இளஞ்சிவப்பு. அந்த நிறத் துணி மொத்தமாகக் கிடைக்கவில்லை என்பதால் முதலில் உதிர்ந்த பட்டை அதுதான். ஸ்டென்சில் முறையில் அச்சடிக்கும் ரிசோ இயந்திரத்தில் அந்த நிறம் சாதாரணமாகவே கிடைக்கிறது: ஃபுளோரசன்ட் பிங்க், பான்டோன் நிற அட்டவணையின் 806 யூ ஒட்டியது. இன்னொரு பக்கம், பெருவின் லிமா நகரில் சிச்சா என்ற வெகுசன இசைக்கு ஒட்டும் சுவரொட்டிகளும், லாஸ் ஏஞ்சல்ஸில் கோல்பி அச்சகம் 2012 வரை அடித்த தெருவோர அட்டைகளும் இதே கண்கூசும் மையில்தான் பழகியவை. இரண்டாவது மை மீடியம் புளூ, பான்டோன் 286 யூ. ஒன்றன் மேல் ஒன்று விழும் இடத்தில் ஊதா வரும். குயர் வரலாற்றில் ஊதாவுக்கு இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது நிறம் காசில்லாமல் கிடைக்கிறது.

அட்டை அடிக்கும் விவரம்:

தாள் 11 × 17 அங்குலம், பூச்சில்லாத 65 பவுண்டு கவர், அதாவது சதுர மீட்டருக்கு 176 கிராம். 80 பவுண்டு கவர் 216 கிராம் வரும். ரிசோ 210 கிராமுக்கு மேல் ஏற்காது. பூச்சுத் தாள் அறவே ஆகாது, இந்த மை தாள் உறிஞ்சித்தான் காயும்.

இழைத் திசை, அதாவது தாளின் நார் ஓடும் பக்கம், மிக முக்கியம். கடையில் வாங்கும் 11 × 17 தாளில் இழை பெரும்பாலும் 17 அங்குலப் பக்கமாக ஓடும். இந்த அட்டையின் முதுகோ 11 அங்குலப் பக்கத்துக்கு இணை. குறுக்கிழைத் தாளாகக் கேட்டு வாங்காவிட்டால் முதுகு மடிப்பில் நார் பிய்ந்து, நீல மை வெடித்து, வெள்ளைக்கீறல் தெரியும். எந்தத் தாளானாலும் மடிக்கும் முன் க்ரீஸ் (மடிப்புத் தடம்) போட வேண்டும்.

முதுகுக் கணக்கு: 96 பக்கம் என்றால் 48 தாள். 70 பவுண்டு டெக்ஸ்ட் தாள் ஒன்று ஏறக்குறைய 0.13 மி.மீ., ஆக 6.2 மி.மீ. எதற்கும் பைண்டரிடம் வெற்றுத்தாள் மாதிரி ஒன்று கட்டி அளந்துகொள்வது நல்லது. முன் அட்டை, பின் அட்டை, முதுகு சேர்த்தால் 11.25 அங்குலம். 17 அங்குலத்தில் மீதி வீணாவதற்குப் பதில் இருபுறமும் 2.5 அங்குலம் உள்மடிப்பு வைத்தால் 16.25 ஆகும். ரிசோ தாளின் விளிம்பு வரை அடிக்காது. அந்த வெள்ளை ஓரம் வெட்டில் போய்விடும்.

கோப்பு: நிறத்துக்கு ஒன்றாக இரண்டு சாம்பல்நிறப் பி.டி.எஃப். 100% கறுப்பு என்றால் முழு மை. நீலத்தின் அடியில் இளஞ்சிவப்பைக் குடைந்து எடுக்கக் கூடாது, அப்படியே மேலே விழ விட வேண்டும். இரண்டு ஓட்டத்துக்கும் இடையே 1 முதல் 3 மி.மீ. நகர்வது ரிசோவின் இயல்பு. குடைந்திருந்தால் வெள்ளை இடுக்கு பல்லிளிக்கும். மேலடுக்கினால் நகர்ந்தாலும் ஊதாவின் ஓரம் சற்று மாறுவதோடு சரி.

வெளிர் நிறம் முதலில். இளஞ்சிவப்பை ஓட்டி, 24 மணி நேரம் விட்டு, பிறகு நீலம். அவசரப்பட்டால் தாளை இழுக்கும் ரப்பர் சக்கரம் ஈர மையைத் தொட்டு, அடுத்தடுத்த தாள்களில் டயர்த் தடம் போடும். சக்கரம் தாளின் நடுக்கோட்டில் ஓடுவதால் அட்டையின் நடு உயரத்தில் அடர்ந்த மை வைக்காமல் இருப்பது மேல். அலைக்கோடு அட்டையின் மேல் மூன்றில் ஒரு பகுதியில் நிற்பதற்கு அழகியல் காரணமும் உண்டு, முதற்காரணம் இந்தச் சக்கரம். பெரிய நிறப்பரப்பை 80%க்கு மேல் கொண்டுபோனால் தாள் உருளையில் ஒட்டிக்கொள்ளும். 300 பிரதிக்கு 350 தாள் எண்ணி வைக்க வேண்டும்.

இரண்டு குறை தீராது. ஃபுளோரசன்ட் மை வெயிலில் வெளுக்கும், கடைக்காரரிடம் சன்னலோரம் அடுக்க வேண்டாம் என்று சொல்லலாம், அவ்வளவுதான். சாதாரண நால்வண்ண அச்சில் இந்த நிறம் வரவே வராது, மங்கிய ரோஜாதான் வரும். எனவே துண்டறிக்கை போன்றவற்றுக்கு விதி: ஃபுளோரசன்ட் மை இல்லாத இடத்தில் நீலம் ஒன்றே. ஒப்புக்கு ரோஜா வேண்டாம்.

எழுத்து

உடல் எழுத்துக்கு அலெக்ரேயா. அர்ஜென்டினாவின் ஹுவான் பாப்லோ டெல் பெரால் இலக்கிய நூல்களுக்காகவே வரைந்தது. தலைப்புக்கு, அதே நாட்டின் ஓம்னிபஸ்-டைப் வெளியிட்ட ஆர்க்கிவோ, அகலம் 62% முதல் 125% வரை மாற்றலாம். இரண்டும் திறந்த உரிமம். தன்னார்வலர் மாறும்போதெல்லாம் எழுத்துரு உரிமம் தேடி அலைய வேண்டாம் என்பதுதான் முதல் தகுதி, அழகு இரண்டாவது.

தேர்வுக்கு முன் ஒரு சோதனை வரி தட்டிப் பார்க்க வேண்டும். ஸ்பானிஷும் போர்த்துகீசும் எல்லா எழுத்துருவிலும் வந்துவிடும். குவாரனியின் அலைக்கோட்டு ஜிக்கு யூனிகோடில் தனி இடம் இல்லை, ஜி போட்டு அதன்பின் இணைகுறி 0303 போட வேண்டும். குறி உட்காரும் இடத்தைக் காட்டும் நங்கூரப் புள்ளி இல்லாத எழுத்துருவில் கோடு தலையில் உட்காராமல் பக்கத்தில் தொங்கும். இணையதளத்துக்காக எழுத்துருவைச் சுருக்கும் கருவி 0303ஐ வெட்டிவிட்டால், அந்த ஓர் எழுத்து மட்டும் வேறு எழுத்துருவில் வந்து நிற்கும்.

முழுப் பேரெழுத்துத் தலைப்பில் ¿ ¡ இரண்டும் சிற்றெழுத்துக்கான இடத்தில் அடிக்கோட்டுக்குக் கீழே தொங்கும். எழுத்துருவின் ஓப்பன்டைப் வசதிகளில் பேரெழுத்து வடிவம் இருந்தால் அதைப் போட வேண்டும். இல்லையென்றால் குறியின் கால் அடிக்கோட்டில் நிற்கும்வரை கையால் தூக்க வேண்டும். பேரெழுத்தின் தலைக்குறிகள் மேல் வரியை இடிக்கும். ஆங்கிலத் தலைப்புக்குப் பழகியவர்கள் 48 புள்ளிக்கு 44 இடைவெளி வைப்பார்கள். இங்கே 52க்குக் கீழே குறைக்க முடியாது.

உள்பக்கம் 10.5 புள்ளி, வரி இடைவெளி 14. மேல் ஓரம் 18, கீழ் 22, உள் 18, வெளி 15 மி.மீ. பக்கத்துக்கு 35 வரி. கவிதையின் நீள வரி உடைந்தால் மிச்சம் இரண்டு எம் (ஓர் எம் என்பது எழுத்தின் புள்ளி அளவு) உள்தள்ளி வர வேண்டும், அப்போதுதான் கவிஞர் உடைத்த வரிக்கும் தாள் உடைத்த வரிக்கும் வேறுபாடு தெரியும்.

ஸ்பானிஷ் சொற்களைச் சாய்வெழுத்தில் போடக் கூடாது. இந்த எழுத்தாளர்கள் பலருக்கு அது அரசியல் நிலைப்பாடு: என் வீட்டு மொழியை அந்நியமாகக் காட்டாதே. அச்சு வேலையில் அதற்கு ஒரு விலை உண்டு. சாய்வு இல்லாததால் எது எந்த மொழி என்று மென்பொருளுக்குத் தெரியாது, எல்லாவற்றையும் ஆங்கில விதிப்படி உடைக்கும். ‘பெர்ரோ’ என்ற சொல்லில் இரட்டை ஆர் எழுத்தை நடுவே வெட்டும், ஸ்பானிஷில் அது பிரியாது. தீர்வு: தோற்றத்தில் எந்த மாற்றமும் இல்லாத, மொழியை மட்டும் ஸ்பானிஷ் என்று குறிக்கும் எழுத்துப் பாணி ஒன்று. பக்கக்கட்டு மென்பொருளான இன்டிசைனில் ஒவ்வொரு படைப்புக்கும் இதைக் கையால் பூச அரை மணி நேரம் ஆகும், குறுக்கு வழி இல்லை.

எக்ஸ் போட்ட சொற்களை எந்த அகராதியும் அறியாது, கண்ட இடத்தில் உடைக்கும். மெய்யெழுத்தை அடுத்து எக்ஸ் வரும் எந்தச் சொல்லையும் உடைக்காதே என்று ஒரு தேடல் பாணி போதும். ஆங்கிலத்தில் மார்க்ஸும் லிங்க்ஸ் பூனையும் இதில் மாட்டுவார்கள், பரவாயில்லை. ஸ்பானிஷ் உரையாடலைத் தொடங்கும் நீளக்கோடு தனக்குப் பின்வரும் சொல்லோடு ஒட்டியிருக்க வேண்டும். வரியின் கடைசியில் கோடு மட்டும் அனாதையாக நிற்பது கையெழுத்துப்படி ஏற்றும்போது அடிக்கடி வரும் பிழை. யூனிகோடு 2060 இணைப்பான் போட்டால் நிற்கும்.

பக்கம் 41

1901 நவம்பரில் மெக்சிகோ நகரில் ஒரு நடன விருந்தில் போலீஸ் புகுந்து 41 ஆண்களைப் பிடித்தது. ஏறக்குறையப் பாதிப்பேர் பெண் உடையில் இருந்தார்கள். ஹோசே குவாதலூப்பே போசாதாவின் செதுக்குப் படங்களோடு கேலித் துண்டறிக்கைகள் தெருவில் விற்றன. அன்று முதல் மெக்சிகோவில் 41 என்ற எண்ணே வசவு. இதழில் எல்லாப் பக்க எண்ணும் 8 புள்ளி, 41 மட்டும் 36 புள்ளி, மேலே அலைக்கோடு. விளக்கக் குறிப்பு கிடையாது. இந்தப் பக்கத்துக்குத் தனி மாஸ்டர் பக்கம் (மென்பொருளில் பக்கத்தின் அடி வார்ப்புரு) வைத்தாலும், நடுவில் ஒரு கவிதை கூடினால் பக்கங்கள் நகரும், மாஸ்டர் பழைய பக்கத்தோடு போய்விடும். எனவே பக்கக்கட்டு முடிந்து கடைசி வேலையாக அதைப் பூசுவது. ஆண்டுக்கு இரண்டு வீதம் 41ஆவது இதழ் வர இருபது ஆண்டு ஆகும், அதற்கு என்ன செய்வது என்பதை அப்போது இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

திரை

அதே இளஞ்சிவப்பு திரையில் சிவப்பு-பச்சை-நீல அளவுகளாக 255-72-176, நீலம் 50-85-164. இளஞ்சிவப்பின் மேல் வெள்ளை எழுத்து 3.1:1 வேறுபாடுதான் தரும், சிறிய எழுத்துக்குத் தேவை 4.5:1. கறுப்பு வைத்தால் 6.8. நீலத்தை அதன் மேல் வைத்தால் 2.3, கண்ணைக் குத்தும். வெள்ளையின் மேல் நீலம் 7.1. ஆகவே நீளப் படிப்பு எல்லாம் வெள்ளையில் நீலம் அல்லது கறுப்பு, இளஞ்சிவப்புப் பரப்பில் கறுப்பு மட்டும். அட்டையில் அழகாக இருந்த நீலம்-இளஞ்சிவப்புக் கலவை திரைக்கு வராது. மொழிக்குறியை இங்கேயும் வாக்கிய அளவில் போட வேண்டும், இல்லையெனில் பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் ஸ்பானிஷை ஆங்கில உச்சரிப்பில் மென்று துப்பும். சமூக ஊடக அட்டைக்கு 1080 × 1350 ஒரே அளவு, அலைக்கோடும் ஓரமும் பூட்டியது, மேற்கோளும் பெயரும் மட்டும் மாறும்.

பெயர், முகம், உறை

எழுத்தாளர் குறிப்புக்கு வட்டப் புகைப்படம் வைப்பது இதழ்களின் வழக்கம். இந்த வார்ப்புருவில் புகைப்படத்துக்கு இடமே கிடையாது. வீட்டில் சொல்லாதவர்கள் உண்டு, குடியேற்ற ஆவணம் இல்லாதவர்கள் உண்டு, புனைபெயரில் எழுதுபவர்கள் உண்டு. இடம் வைத்துவிட்டால், படம் தராதவர் பெயருக்கு மேல் சாம்பல் பொம்மை உட்கார்ந்து ‘இவர் மறைக்கிறார்’ என்று காட்டிக்கொடுக்கும். எல்லோருக்கும் மூன்று வரி, முன்னால் ஓர் அலைக்கோடு. பிரதிப்பெயர் (அவன், அவள், அவர் போன்றது) விரும்பினால் அந்த மூன்று வரிக்குள் அவரே எழுதுவார், தனிக் கட்டம் இல்லை. அச்சுக்குப் போகும் முன் பி.டி.எஃப். பண்புகளில் ஆசிரியர் பெயர், படக் கோப்பின் பெயர், படம் எடுத்த இடம் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். சட்டப்பெயர் கசிவது பெரும்பாலும் கோப்பின் பெயர் வழியாகத்தான்.

தபால் உறையிலும் இதழின் பெயர் வராது. அலைக்கோடு முத்திரை ஒன்று, அனுப்புநர் இடத்தில் அஞ்சல் பெட்டி எண். பழுப்புக் கிராஃப்ட் உறையில் இளஞ்சிவப்பு மை எடுபடாது, உறையின் நிறம் அதை விழுங்கிவிடும். முத்திரைத் தட்டுக்கு நீலம்தான். 8 மி.மீ. உயரத்துக்குக் குறைந்தால் முனையில் மை தேங்கி அலை வெறும் கோடாகிவிடும், 12 மி.மீ. வைத்துக்கொள்ளலாம்.